பிடரித் தையல்: கொழும்பில் முடி நட்டுக்கொண்ட ஒரு நடன ஆசிரியையின் மதிப்புரை

முடி நடும் நிலையங்களின் விளம்பரங்களில் நெற்றிதான் இருக்கும். முன்பு இப்படி, பின்பு இப்படி என்று இரண்டு படங்கள். இரண்டிலும் ஆள் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் திரும்பச் சொல்லிப் பிடரியைக் காட்டிய விளம்பரம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஆனால் நட்ட முடி அங்கிருந்துதான் வருகிறது, பெரிய புண்ணும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புண்ணை எப்படி மூடினார்கள், அது ஆறும்வரை யார் கவனித்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு நிலையத்தை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முன்னால் முடி முளைப்பதைப் பார்க்க ஒரு வருடம் வேண்டும். பின்னால் தழும்பு ஆயுள் முழுவதும் இருக்கும்.

நான் வெள்ளவத்தையில் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். சிறுமியாக இருந்தபோதே தலையை இழுத்து வாரி, நெற்றிச்சுட்டி கட்டி, ராக்கொடி குத்தி, சவுரி வைத்துப் பின்னிய ஜடையில் குஞ்சலம் தொங்க மேடையேறியவள். தலைச்சாமானின் பாரம் முழுவதையும் தாங்குவது நெற்றியோரத்து மெல்லிய முடிதான். ஒவ்வொரு மேடை முடிந்ததும் கொக்கிகளைக் கழற்றும்போது அங்கே விண்விண்ணென்று வலிக்கும். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் அது பழகிப்போன வலி. நாற்பதைத் தாண்டியபோது இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் முடி பின்வாங்கிவிட்டது. இதற்கு டிராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர். தொடர்ந்து இழுபடுவதால் முடிவேர் நலிந்து கடைசியில் செத்தே போகும் வழுக்கை. தொடக்கத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வேர் இருந்த இடத்தில் தழும்புத் தசை படிந்துவிட்டால் எந்த எண்ணெயும் எந்த மருந்தும் அதை எழுப்பாது.

நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பாராட்ட நிறைய இருக்கிறது, முறைப்பாடும் இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் அவர்களிடமே கொடுத்துவிட்டேன். காலி வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் தனியார் நிலையம் என்பது போதும்.

முதற் சந்திப்பிலேயே அந்த வைத்தியர் மீது எனக்கு மதிப்பு வந்தது. எத்தனை முடிவேர், எவ்வளவு பணம் என்று தொடங்கவில்லை. டேர்மோஸ்கோப் என்னும் சிறு உருப்பெருக்கிக் கருவியை நெற்றியில் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். பழைய முடிக்கரையில் பஞ்சு போலக் குட்டை முடிகள் ஒரு வரிசையாக மிஞ்சியிருப்பதைத் திரையில் காட்டினார். இழுப்பினால் வரும் வழுக்கையில் இந்தக் கரை மிஞ்சும் என்றார். பெண்களுக்கு நெற்றிமுடி பின்வாங்க வேறொரு காரணமும் இருக்கிறது: உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்கித் தழும்பாக்கும் ஒரு நோய், 1994ஆம் ஆண்டில்தான் மருத்துவ உலகில் முதலில் விவரிக்கப்பட்டது. அந்த நோய் அடங்காத தலையில் நட்டால் நட்டதும் போய்விடும். அது இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்சு. இரும்புச்சத்து, தைரொய்ட், சர்க்கரை மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும் என்று காரணத்தையும் சொன்னார். தலையை இறுக்கிக் கட்டுவதை முதலில் முற்றாக நிறுத்துங்கள், முடி உதிர்வது நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். பணத்தோடு வந்தவளைத் திருப்பி அனுப்பும் நிலையம் எத்தனை இருக்கிறது?

நடுவதற்கு முடி எடுக்க இரண்டு வழிகள். ஒன்றில், ஒரு மில்லிமீற்றர் அளவுக்கும் குறைந்த வட்டக் கத்தியால் முடிவேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். எஃப்.யூ.ஈ. என்று சொல்வது இதைத்தான். 2002இல் மருத்துவ இதழில் வெளியானபின் உலகெங்கும் பரவியது. அந்தத் துளைகளுக்குத் தையல் கிடையாது, சில நாட்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். நீளமான தழும்பு வராது. ஆனால் தழும்பே வராது என்று விளம்பரத்தில் சொல்வது பொய். துளைக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக அது சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் அளவுக்கு மீறித் தோண்டினால் பிடரி பூச்சி அரித்த துணியாகிவிடும். மற்ற வழியில், பிடரியிலிருந்து முடியோடு சேர்த்துத் தோலை ஒரு நாடா போல வெட்டி எடுத்து, இரண்டு விளிம்புகளையும் இழுத்துத் தைத்துவிட்டு, நாடாவிலிருந்து முடிவேர்களை உருப்பெருக்கியின் கீழ் பிரித்தெடுப்பார்கள். இது எஃப்.யூ.ரீ. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். முதல் முறைக்குப் பின்தலையைப் பெரும்பாலும் மழிக்க வேண்டும். இடுப்பளவு முடியோடு வகுப்பெடுக்கும் எனக்கு அது ஒத்துவராது. நாடா எடுத்த இடத்தில் மேலிருக்கும் முடி விழுந்து தையலை மறைத்துவிடும்.

ஆனால் இந்த வழியில் எல்லாமே மூடும் கையில்தான் தங்கியிருக்கிறது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான தோலை எடுத்துவிட்டு இரண்டு கரைகளையும் சேர்க்க வேண்டும். தோல் தளர்வாக இருந்தால் சேரும்; இறுக்கமாக இருந்தால் சேர்ந்த பிறகும் விலகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த விலகலால்தான் தழும்பு அகலமாகிறது. வைத்தியர் தன் இரண்டு பெருவிரல்களையும் என் பிடரியில் வைத்துத் தோலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். போதாது என்றார். விரல்களைப் பின்னிப் பிடரியில் வைத்துத் தோலை எலும்பின் மேல் நகர்த்தும் ஒரு பயிற்சியைக் காட்டித் தந்தார். சத்திரசிகிச்சைக்கு முன் பல கிழமைகள் காலையும் மாலையும் அதைச் செய்தேன். அடுத்த முறை அவர் தொட்டுப் பார்த்தபோது தோல் நன்றாக இளகியிருந்தது. எடுக்கப்போகும் நாடாவின் அகலத்தையும் அதை வைத்தே முடிவுசெய்தார். கூடுதல் முடி வேண்டும் என்பதற்காக அகலத்தைக் கூட்டவில்லை. எனக்குக் கிடைத்த முடிவேர்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பது உண்மை. இன்று பிடரியைத் தடவிப் பார்க்கும்போது அவர் செய்ததே சரி என்று சொல்கிறேன்.

பிடரியிலிருந்து எடுப்பதற்குக் காரணம், அங்குள்ள முடி எங்கே போனாலும் தன் குணத்தை விடுவதில்லை. நோர்மன் ஓரன்ட்ரெய்ச் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1959இல் இதை எழுதினார். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே, 1939இல், ஜப்பானில் ஒக்குடா என்பவர் முடியோடு கூடிய சிறு தோல் வட்டங்களை எடுத்துத் தலையிலும் புருவத்திலும் நட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் நான்கு மில்லிமீற்றர் வட்டங்களாக நட்டதால் பொம்மைத் தலை போலக் கொத்துக்கொத்தாகத் தெரியுமாம். இன்று ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சேர்ந்திருக்கும் இயற்கைக் கூட்டங்களாகப் பிரித்து நடுகிறார்கள். நெற்றியின் முன்வரிசைக்கு ஒற்றை முடிகள் மட்டும்.

சத்திரசிகிச்சை நாளில் வலி என்று சொல்லத்தக்கது மரக்கவைக்கும் ஊசிதான். லிக்னோகெயினோடு அட்ரினலின் சேர்த்துப் போடுவார்கள். தலைத்தோலில் இரத்தக்குழாய்கள் மிக அதிகம். அட்ரினலின் அவற்றைச் சுருக்கி இரத்தக்கசிவைக் குறைக்கும். அதன்பின் தொடுகை தெரிந்தது, வலி தெரியவில்லை. குப்புறப் படுத்திருந்த எனக்கு வைத்தியர் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிக்கொண்டே செய்தார். தோலுக்குள் முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே கத்தியும் சாய வேண்டும், நேராக இறக்கினால் வேர்கள் குறுக்கே அறுபடும் என்றார். நாடாவை எடுத்து மேசைக்கு அனுப்பியதும் மூடும் வேலை தொடங்கியது.

முதலில் உள்ளே, தானாகக் கரையும் நூலால் ஓர் அடித்தையல். பாரத்தை எல்லாம் அந்த அடித்தையல் ஏற்றுக்கொள்ளும். மேல்தையல் விளிம்புகளைப் பக்கம் பக்கமாக வைத்திருந்தால் போதும். அதன்பின் கீழ் விளிம்பின் ஓரத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மேல்தோலை மட்டும் சீவி எடுத்தார். அதற்குக் கீழிருக்கும் முடிவேர்கள் அப்படியே இருக்கும். மேல் விளிம்பைக் கொண்டுவந்து அதன்மேல் படியவைத்துத் தைத்தால், புதைந்த அந்த முடிகள் நாளடைவில் தழும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வளரும். தழும்புக்குள்ளேயே முடி. டிரைக்கோஃபைற்றிக் என்று இந்த மூடும் முறைக்குப் பெயர். எந்த நிலையத்துக்குப் போனாலும் இதைச் செய்வீர்களா என்று கேளுங்கள்.

மேல்தையல் போடும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நன்றாகப் பொருந்துமே?

“ரீச்சர், உங்கள் நெற்றியில் முடி போனது இறுக்கத்தால். அதே பிழையைப் பிடரியில் நான் செய்ய மாட்டேன்” என்றார் வைத்தியர். நாளைக்குப் புண் வீங்கும். இன்று இறுக்கிய நூல் நாளை இன்னும் இறுகும். விளிம்புக்கு இரத்தம் போகாது. கோட்டின் இருபுறமும் முடி செத்துத் தழும்பு அகலும். இதையெல்லாம் அவர் அவசரமில்லாமல் விளக்கியபோது அவர் கை நிற்கவில்லை. இரும்புக் கிளிப்புகளால் மூடும் வைத்தியர்களும் இருக்கிறார்கள், அதிலும் நல்ல பலன் உண்டு, தூங்கும்போது குத்தும் என்றார். முடிந்ததும் என் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினார்கள். ஒரு காதுக்குப் பின்னால் தொடங்கிப் பிடரியின் நடுவைத் தாண்டி ஓடும் மெல்லிய கோடு. கறுப்பு முடிகளுக்கு இடையே நீல நூல் சம இடைவெளியில் ஏறி இறங்கியிருந்தது. தோல் எங்கும் சுருங்கவில்லை, வெளுக்கவில்லை. கால் நூற்றாண்டாக நடன உடைகளுக்குத் தையல் பார்த்துவரும் கண் இது. நல்ல கைவேலை என்று உடனே தெரிந்தது.

மாலையில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். காலி வீதியில் அந்த நேரத்தில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்; ஒரு முழங்கை பட்டால் போதும். முச்சக்கரவண்டியில், தலையைச் சாய்க்காமல் வந்து சேர்ந்தேன். முதல் சில இரவுகள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண்ணிமை வரை இறங்கியது. ஊசியில் ஏற்றிய திரவம் கீழே வடிவதால் வருவது அது. சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை.

இனி எங்கள் வீட்டுக்குள் நடந்த போராட்டம். அம்மாவுக்குப் புண் என்றால் காய வேண்டும், காற்றுப்பட வேண்டும். நல்லெண்ணெயும் மஞ்சளும் தயாராக வைத்திருந்தார். மறுநாள் கட்டு அவிழ்க்கப் போனபோது ஹற்றனிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தாதி அம்மாவைப் பக்கத்தில் இருத்திக் கற்றுக்கொடுத்தார்.

“அம்மா, புண்ணைக் காயவிட்டால் பொருக்கு கட்டும். பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடி அலைய வேண்டும். ஈரப்பதம் இருந்தால் நேராக ஊர்ந்து போய் மூடிவிடும்” என்றார் அந்தப் பிள்ளை. இது வெறும் பேச்சு அன்று. 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த புண்ணில் மேல்தோல் விரைவாக வளர்வதைக் காட்டினார். தையல் போட்ட விளிம்புகள் நேராகப் பொருந்தியிருந்தால் ஓரிரு நாட்களிலேயே மேல்தோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை; தந்த களிம்பை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். நெற்றியில் நட்ட இடத்துக்கு உப்புநீரை அடிக்கடி தூவ வேண்டும். கழுவத் தொடங்கியதும் குழாயின் வேகம் நேரே படாமல் குவளையால் மெதுவாக ஊற்ற வேண்டும். அம்மா குவளையைச் சரித்துப் பிடித்து, மற்றக் கையை என் நெற்றிக்கு மேல் கூரையாக வைத்து, நீர் அந்தக் கையில் விழுந்து வழியும்படி ஊற்றினார். அதை அந்தத் தாதிகூடச் சொல்லித் தரவில்லை.

சாப்பாட்டில் அம்மாவை வெல்ல முடியவில்லை. கத்தரிக்காய் கிரந்தி, நண்டு கிரந்தி, இறால் கிரந்தி; புண்ணைக் கிளறும் என்று மூன்றையும் விலக்கிவிட்டார். பத்தியச் சரக்கு அரைத்துச் சின்ன மீனில் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், முட்டை. புண் ஆறப் புரதம் வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அம்மாவின் பத்தியத்தில் அது தாராளமாக இருந்தது. அதனால் இருவருக்கும் சண்டை இல்லை.

நட்ட இடத்துப் பொருக்குகள் ஒரு கிழமைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. நகத்தால் கிள்ளக்கூடாது. முதல் நாட்களில் பொருக்கோடு முடிவேரே வெளியே வந்துவிடும்; பத்து நாள் அளவில்தான் அது பிடித்து நிற்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை வழிந்து அரிக்கும்போது கையைக் கட்டுப்படுத்துவது பெரும் பாடு. மின்விசிறிக்குக் கீழேயே இருந்தேன். கடற்கரைப் பக்கம் போகவில்லை.

பிடரித் தையலைப் பத்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெட்டுவார்கள். என்னுடையதை வெட்டியவர் அதே தாதி. ஒவ்வொரு முடிச்சையும் எண்ணிக்கொண்டே எடுத்தார். வெட்டிய பிறகு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த என்னை வைத்தியர் இருத்திவைத்துச் சொன்னதுதான் இந்த மதிப்புரையில் நான் மிகவும் பகிர விரும்புவது. தையல் வெட்டும் நாளில் அந்தக் கோட்டுக்கு இயல்பான தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதுவும் நல்ல உடம்பென்றால். மூன்று கிழமையில் ஏறத்தாழ 20 சதவீதம். மூன்று மாதம் ஆகும்போது 80 சதவீதத்தை நெருங்கும். அதற்குமேல் எந்தக் காலத்திலும் போகாது. வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் உள்ளே அவசரத்தில் போட்ட மெல்லிய கொலாஜன் நார்களைப் பிரித்து உறுதியான நார்களாக மாற்றியமைக்கும் வேலை ஒரு வருடம் வரை நடக்கும். தையல் வெட்டிவிட்டார்கள் என்று அடுத்த நாளே பாரம் தூக்குகிறவர்கள், உடற்பயிற்சிக்கூடத்துக்கு ஓடுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் கோட்டை நாளுக்கு நாள் அகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதன் பொருள் என்ன என்று நேராகக் கேட்டேன். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி பிரச்சினை இல்லை. கழுத்துதான் பிரச்சினை. வகுப்புத் தொடங்கும் நமஸ்காரத்தில் குனியும்போது நாடி நெஞ்சைத் தொடும். அப்போது பிடரித் தோல் முழுவதும் கீழ்நோக்கி இழுபடும். கிரீவா பேதங்கள் என்னும் கழுத்தசைவுகளைக் காட்டித் தரும்போதும் அப்படியே. ஆகவே பல கிழமைகள் மனையில் அமர்ந்து, தாளம் தட்டும் தட்டுக்கழியும் வாயால் சொல்லும் சொற்கட்டும் மட்டும். அபிநயத்தை மூத்த மாணவி காட்டினாள். சரஸ்வதி மண்டபத்தில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம் செய்தபோதுகூடத் தலையைத் திருப்பாமல் உடலோடு திரும்பினேன். சொல்கேட்டு நடந்ததன் பலனை இன்று விரலால் தொட்டு உணர முடிகிறது.

தையலைச் சுற்றிய இடம் பல மாதங்கள் மரத்துப்போயிருந்தது. சீப்பு ஓடுவது தெரியாது. பிடரி வழியாக உச்சிக்கு ஏறும் நரம்பின் சிறு கிளைகள் வெட்டில் அறுபடுவதால் இது. பிறகு அவை வளர்ந்து சேரும்போது மின்சாரம் சுண்டியதுபோல் திடீர் திடீரென்று ஒரு துள்ளல். நட்ட முடியோ முதல் இரண்டு மாதங்களுக்குள் உதிர்ந்துவிடுகிறது. வேர் உள்ளே உறங்கி மூன்று நான்கு மாதத்தில் மறுபடி தலைகாட்டும். கோட்டின் ஓரத்தில் பழைய முடியும் கொஞ்சம் கொட்டியது, அதிர்ச்சியால் உதிர்வது, அதுவும் திரும்பி வந்தது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

இனி முறைப்பாடு. சில கிழமைகள் கழித்துத் தழும்பின் ஒரு முனையில் சிறிய கட்டி வந்தது. தொட்டால் வலி, நடுவில் சீழ்ப்புள்ளி. வார இறுதியோடு போயா என்னும் முழுநிலா விடுமுறையும் சேர்ந்த நேரம். தந்திருந்த எண்ணுக்கு அழைத்தேன், அழைத்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. அவசரம் என்றால் எந்நேரமும் அழைக்கலாம் என்று அந்த அட்டையில் அச்சிட்டிருந்தது. தலையில் சீழ் என்றதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் குடும்ப வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, இடுக்கியால் மெல்ல இழுத்தார். மயிரிழை போல ஒரு நூல்துண்டு வந்தது. உள்ளே கரைய வேண்டிய அடித்தையலின் நுனி கரையாமல் மேலே தள்ளப்பட்டிருக்கிறது. இது யாருடைய கைப்பிழையும் அன்று. கரையும் நூல் போட்ட எந்தப் புண்ணிலும் சில சமயம் நடப்பது. வெந்நீர் ஒத்தடத்தில் சில நாளில் ஆறிவிட்டது. ஆனால் இப்படி வரலாம் என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு நோயாளியை மூன்று நாள் பயத்தோடு விடுவதற்கு எந்த விடுமுறையும் காரணமாகாது. நிலையத்து வைத்தியர் மன்னிப்புக் கேட்டார். அதை ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் எழுத்தில் கொடுத்தேன்.

இரண்டாவது, வீட்டுக்குக் கொண்டுபோகத் தந்த அறிவுறுத்தல் தாள். ஆங்கிலம் ஒரு பக்கம், சிங்களம் மறுபக்கம். என் பிடரிக்கு மருந்து பூசப்போவது என் அம்மா. அவர் வாசிக்கும் மொழியில் ஒரு சொல் இல்லை. எந்தக் களிம்பு எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்பது தவறினால் பாதிக்கப்படுவது புண்தான். கொழும்பில், அதுவும் வெள்ளவத்தைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இது மிகப் பெரிய குறை. அந்த ஹற்றன் பிள்ளையும் நானும் உட்கார்ந்து தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம். பிறகு போனபோது அதை அச்சடித்து வரவேற்பு மேசையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். மனம் நிறைந்தது.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. முடியை விலக்கிப் பிடித்துத் தேடினால் பிடரியில் வெளிறிய ஒரு கீற்று, அநேக இடங்களில் இரண்டு மில்லிமீற்றர் அகலத்துக்கு உள்ளேதான். அதன் ஊடாகவே முடி வளர்ந்திருக்கிறது. சலூனில் தலை கழுவிய பெண் கவனிக்கவே இல்லை. நூல் தள்ளிய அந்த முனையில் மட்டும் சற்று அகலம். நெற்றியில் வலப்பக்கம் அடர்த்தியாக, என் பழைய முடிக்கரை எங்கே இருந்ததோ அங்கேயே வந்திருக்கிறது. இடப்பக்கம் இன்னும் ஐதாக இருக்கிறது.

என் வகுப்பில் இனித் தலைச்சாமானைக் கொக்கி குத்தி நெற்றிமுடியில் தொங்கவிடுவது கிடையாது. துணிப்பட்டியில் தைத்துக் கட்டுகிறோம். சவுரியின் பாரத்தைக் குறைத்திருக்கிறோம். ஒத்திகைக்கு வெறும் பின்னல் போதும். தலை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே அவிழ்த்துவிடுகிறேன். பெற்றோரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, அழகு குறைகிறதாம். குறையட்டும். அந்தப் பிள்ளைகளின் நெற்றிமுடிக்கு நான் பொறுப்பு.

போக நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தோலை வெட்டி மூடுவது வைத்தியரா, உதவியாளரா? வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்றவரா, நிலையம் 2006ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கிறதா? அடித்தையல் உண்டா, எந்த நூல், யார் வெட்டுவார்? தையல் வெட்டுவதும் பின்னர் பார்ப்பதும் சொன்ன கட்டணத்துக்குள் அடங்குமா? பழைய நோயாளிகளின் பிடரிப் படங்களைக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இடப்பக்கத்துக்காக இன்னொரு முறை செய்ய வேண்டிவரலாம். அப்போது பழைய தழும்பையும் சேர்த்தே வெட்டி எடுத்து ஒரே கோடாக மூடுவார்களாம். செய்தால் அதே வைத்தியரிடம், அதே தாதியிடம்தான் போவேன். அந்த இரண்டு கைகளையும் நம்புகிறேன். ஆனால் போயா தினத்திலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை வாங்கி, அங்கேயே அழைத்துச் சரிபார்த்த பிறகுதான் முற்பணம் கட்டுவேன்.